விதிகளின் கனமும் ஆடுவோர் ரசனையும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான். ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டர் சூழலை விவரிக்கிறார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். விளைவு இன்னதென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருள்கிறது. இந்த வேலைக்கு ஒரே தாள் போதும் என்கிறது, ஜான் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’. 2009இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ முதற்பதிப்பின் அடிப்படை நூலோ ஐந்நூறு பக்கங்களைத் தாண்டுகிறது. இரண்டையும் விரும்பி ஆடுவோர் இருக்கிறார்கள். எத்தனை விதி இருந்தால் நல்ல விளையாட்டு என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு எந்த இடத்தில் விதி வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்ற கேள்விக்கு விடை உண்டு. அந்த விடையைக் கண்டுபிடிக்கும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

கனம் எங்கே இருக்கிறது

புத்தகத்தின் தடிமனைப் பார்த்து விதிகளின் கனத்தை அளக்க முடியாது. 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுல்ஹு’ தடிமனான நூல்தான். ஆனால் ஆடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம். ஒவ்வொரு திறமைக்கும் எதிரே ஒரு சதவீதம் எழுதியிருக்கும். பகடையில் விழும் எண் அந்தச் சதவீதத்தைத் தாண்டாவிட்டால் காரியம் கைகூடும். ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். நூலின் பெரும்பகுதி கோர உயிர்கள், மந்திரங்கள், நடத்துபவருக்கான அறிவுரைகள் என்று நிரம்பியிருக்கிறது. ஆகவே கனத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பதே பயன் தரும்.

முதலாவது, கற்கும் கனம். ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது இது. நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் பேசி ஆடும் குழுவில் ஒருவர் படித்து மற்றவர்களுக்கு வாய்மொழியாக விளக்குவதே நடைமுறை. அப்படி விளக்கிப் புரியவைக்கக்கூடிய அளவுதான் அந்தக் குழுவின் உண்மையான வரம்பு.

இரண்டாவது, பாத்திரத்தை உருவாக்கும் கனம். 1981இன் ‘சாம்பியன்ஸ்’, 1986இன் ‘கர்ப்ஸ்’ ஆகியவற்றில் ஒவ்வொரு திறமையையும் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும்; குறைபாட்டை ஏற்றால் புள்ளி திரும்பக் கிடைக்கும். ஒரு பாத்திரத்தைச் செதுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடக்கூடும். கர்ப்ஸில் அதற்குப் பிறகு அடிப்படை எளிது: மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை திறமையின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வெற்றி.

மூன்றாவது, ஆட்டத்தின் நடுவே வரும் கனம். 1980இல் தொடங்கிய ‘ரோல்மாஸ்டர்’ வரிசையில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனி அட்டவணை உண்டு. பகடை எண்ணையும் எதிரியின் கவசத்தையும் அந்த அட்டவணையில் பொருத்திப் பார்க்க வேண்டும். பலத்த அடி என்றால் காயத்தின் தன்மையைச் சொல்ல இன்னோர் அட்டவணை. எலும்பு முறிந்ததா, இரத்தம் கசிகிறதா என்பது வரை துல்லியமாகக் கிடைக்கும். அதற்கு விலையாகச் சண்டையின் ஒவ்வொரு வீச்சுக்கும் தாளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது, நடத்துபவரின் கனம். 2000இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பில் எதிரிகளுக்கும் நாயகர்களைப் போலவே விரிவான கணக்கு உண்டு. ஒரு மாலை ஆட்டத்துக்குப் பல மணி நேரம் தயார் செய்ய நேரும். 2010இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ விளையாட்டிலோ நடத்துபவர் பகடையைத் தொடுவதில்லை; உருட்டுவதெல்லாம் ஆடுவோரே.

ஐந்தாவது, கற்பனையின் கனம். இது புத்தகத்தில் தெரியாது. 2013இல் வந்த ‘ஃபேட் கோர்’ விளையாட்டில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைப் பற்றிச் சில சொற்றொடர்களை எழுதி, ஆட்டத்தின் நடுவே அவற்றைச் சூழலோடு பொருத்திப் பயன்படுத்த வேண்டும். கணக்கு கொஞ்சம்தான், ஆனால் புதிதாக எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கூச்சமுள்ள புதியவருக்கு “என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்ற சொல்லே பெரிய பாரம். ஆறு செயல்களை வரிசையாக எழுதிய தாள் கையில் இருந்தால் அவருக்குப் பிடிமானம் கிடைக்கும். விதி குறைந்தால் ஆட்டம் எளிதாகும் என்று நம்பிப் புதியவர்களை இத்தகைய விளையாட்டில் இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஒரே விளையாட்டுக்குள்ளும் கனம் சமமாக இருப்பதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ‘சாம்பியன்’ வகைப் போர்வீரனை ஆடுபவருக்கு வாளை வீசத் தெரிந்தால் போதும். மந்திரவாதியை ஆடுபவருக்கு ஒவ்வொரு மந்திரமும் தனி விதி. எதை இன்று மனத்தில் நிறுத்துவது, எதை எப்போது செலவழிப்பது என்று ஓயாமல் கணக்கிட வேண்டும்.

இரு தரப்பும் தோன்றிய வரலாறு

விதியா, நடுவரின் தீர்ப்பா என்ற வாதம் இந்த விளையாட்டுகளைவிடப் பழையது. பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘க்ரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர் விளையாட்டில் வரைபடம், பகடை, சேதத்தைக் கணக்கிடும் அட்டவணைகள், நடுவர் எல்லாம் இருந்தன. அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க அது பயன்பட்டது. அட்டவணைகளைப் பார்த்து முடிவு சொல்வதற்குள் ஆட்டம் நத்தையாய் நகர்கிறது என்ற குறை பின்னால் எழுந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, போரில் அனுபவமுள்ள நடுவர் தம் அறிவைக் கொண்டே முடிவு சொல்லட்டும், அட்டவணைகள் வேண்டாம் என்றார். வேகம் கிடைத்தது. நடுவரின் அனுபவத்தையும் நடுநிலையையும் நம்பியிருக்க வேண்டிய நிலையும் கூடவே வந்தது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அதே வாதம் மறுபடி பிறந்தது. போர் விளையாட்டிலிருந்து முளைத்த அந்த மூன்று சிறு நூல்களில் இடைவெளிகள் நிறைய இருந்தன. 1975இல் அரிசோனாவைச் சேர்ந்த கென் செயிண்ட் ஆண்ட்ரே, சாதாரண ஆறுமுகப் பகடையே போதும் என்று ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற எளிய வடிவத்தைக் கொண்டுவந்தார். 1977இன் ‘ஷிவல்ரி அண்ட் சோர்சரி’ எதிர்த்திசையில் போய், இடைக்காலச் சமூகத்தையே விதிகளுக்குள் கொண்டுவர முயன்றது. 1991இல் ‘ஆம்பர்’ பகடையையே விலக்கியது. 2000இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு, இருபது முகப் பகடை ஒன்றை வைத்து எல்லாச் செயலையும் ஒரே கணக்கில் கட்டி, அதன் மேல் நூற்றுக்கணக்கான தனிவிதிகளை அடுக்கியது. 2008இல் மேட் ஃபின்ச் எழுதிய சிறு கையேடு, விதியைத் தேடுவதைவிட நடுவரின் தீர்ப்பை நம்பலாம் என்று பழைய பாணிக்கு வாதாடியது. துல்லியம் வேண்டும் என்பது ஒரு தேவை. வேகமும் சுதந்திரமும் வேண்டும் என்பது இன்னொரு தேவை. ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டுமே திரும்ப எழுந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றை வளர்ச்சி என்றும் மற்றதைப் பின்னடைவு என்றும் கொள்வது தவறு.

ஒரே தாவல், நான்கு விதம்

வேறுபாட்டை ஒரு காட்சியில் வைத்துப் பார்க்கலாம். இரவு நேரம், கூரை மேல் ஒரு திருடன் ஓடுகிறான், பின்னால் காவலர்கள். எதிரே 20 அடி அகலத்தில் ஒரு சந்து. திருடன் தாவுகிறான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இதற்கு விதி தயாராக இருக்கிறது. 20 அடி ஓடிவந்து தாவினால், தாண்ட வேண்டிய அடிகளின் எண்ணிக்கையே எட்ட வேண்டிய எண். ஓடிவர இடமில்லையென்றால் அது இரு மடங்கு. திருடனின் தாவும் திறமை 9 என்றால் இருபது முகப் பகடையில் 11 அல்லது மேல் விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. 7 முதல் 10 வரை விழுந்தால் தாண்ட முடியாது, ஆனால் எதிர்க்கூரையின் விளிம்பைப் பற்றிக்கொள்ள இன்னொரு பகடை உண்டு. பற்றிக்கொண்டால் மேலே ஏற மறுபடியும் ஒரு பகடை. 6 அல்லது குறைவு என்றால் நேரே கீழேதான். இத்தனையும் தாவுவதற்கு முன்பே ஆடுபவருக்குத் தெரியும். பல வாரங்களாகத் தாவும் திறமையில் அவர் போட்ட புள்ளிகளுக்கு இந்த இடத்தில் பலன் கிடைக்கிறது.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், பத்தடி ஓடிவந்தால் உடல்வலிமையின் எண் எவ்வளவோ அவ்வளவு அடி பகடையே இல்லாமல் தாண்டலாம். வலிமை 14 என்றால் 14 அடி நிச்சயம். 20 அடி என்பது கேம் மாஸ்டரின் முடிவு: அவர் ஓர் எண்ணைச் சொல்லி உருட்டச் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். விதி ஒரு தளத்தைப் போடுகிறது. மீதியை மனிதர் தீர்மானிக்கிறார்.

2012இன் ‘டன்ஜன் வேர்ல்ட்’ விளையாட்டில் அடிக்கணக்கே இல்லை. ஆபத்தை எதிர்கொள்ளும்போது இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டித் திறமையின் கூட்டலைச் சேர்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி. 7 முதல் 9 என்றால் நடத்துபவர் கடினமான ஒரு தேர்வை முன்வைப்பார். 6 அல்லது கீழ் என்றால் சிக்கல். கூட்டல் 1 என்று வைத்தால், 36 சேர்க்கைகளில் 10 முழு வெற்றி, 16 நடுநிலை, 10 சிக்கல். ஆக, அதிகமாக நடப்பது நடுநிலைதான்: “தாண்டிவிடலாம், ஆனால் திருடிய பை நழுவுகிறது, பையா, நீயா?” என்பது போன்ற கேள்வி. இங்கே தூரத்தைவிடக் கதை எப்படித் திரும்பும் என்பதே முக்கியம்.

விண்கலப் பின்னணி கொண்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸில் இதே தாவல் வேற்றுக்கோளின் நகரத்தில் நடக்கும். பாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஓர் எண் மட்டும் உண்டு. அறிவால், கருவியால் செய்வதென்றால் அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். உணர்வால், துணிவால் செய்வதென்றால் மேலே விழ வேண்டும். தயாராக வந்திருந்தால் ஒரு பகடை கூடுதல், அதில் தேர்ந்தவர் என்றால் இன்னொன்று. அரை நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இந்த நான்கையும் படிக்கும்போது எது ஆர்வத்தைத் தூண்டுகிறது, எது சலிப்பூட்டுகிறது என்று கவனித்தால், ரசனையின் முதல் தடயம் கிடைத்துவிடும்.

ரசனையின் வகைகள்

கனமான விதிகளை விரும்புவோர் எல்லோரும் ஒரே காரணத்துக்காக விரும்புவதில்லை. சிலருக்குப் பாத்திரத்தைத் திட்டமிட்டுக் கட்டுவதே இன்பம். ஆட்டமில்லாத நாள்களிலும் அடுத்த நிலையில் எந்தத் திறமையை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்குச் சண்டையில் சதுரங்கம் போல் காய் நகர்த்தும் சுவை வேண்டும். சிலருக்கு உலகம் நம்பும்படி இருக்க வேண்டும். குண்டடி பட்டவன் மறுநாள் ஓடினால் அவர்களுக்கு மனம் ஒட்டாது. இன்னும் சிலருக்கு விதி ஒரு பாதுகாப்பு. நடத்துபவரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்து முடிவு மாறாது, நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு மட்டும் எல்லாம் கைகூடாது என்ற உறுதி அவர்களுக்குத் தேவை. இந்தக் கடைசிக் காரணம் பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. கவனித்துத்தான் அறிய வேண்டும்.

எளிய விதிகளை விரும்புவோரிடமும் இதே பன்மை உண்டு. கதையின் ஓட்டம் தடைபடக் கூடாது என்பவர்கள், எந்த யோசனையையும் தாளைப் பார்க்காமல் சொல்ல விரும்புபவர்கள், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மாதம் ஒரு மாலைதான் கிடைக்கும் என்பவர்கள், கணக்கு வந்தாலே களைத்துப்போகிறவர்கள் என்று பலர். நேரமின்மையால் எளிமையைத் தேடுபவருக்கு, பாத்திரங்களை முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்தால் கனமான விளையாட்டும் பிடித்துப்போகலாம். ஓட்டத்துக்காக எளிமையைத் தேடுபவருக்கு அது பிடிக்காது. காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

தன் ரசனையை அறிய ஐந்து கேள்விகள்

1. ஆடிய ஆட்டங்களில் மனத்தில் நிற்பது எது? சரியான நேரத்தில் எடுத்த தந்திர முடிவா, எதிர்பாராத கதைத் திருப்பமா, இரு பாத்திரங்கள் பேசிய காட்சியா? தந்திரம் என்றால் சண்டை விதிகள் செறிவாக இருக்க வேண்டும். பேச்சு என்றால் அந்த இடத்தில் விதி குறைவாக இருப்பது நல்லது.

2. விதி தெரியாத ஒரு சூழல் வந்தால், நடத்துபவர் உடனே தீர்ப்புச் சொல்வது பிடிக்குமா, நூலைப் பார்ப்பது பிடிக்குமா?

3. வெற்றி வாய்ப்பு முன்கூட்டியே தெரிய வேண்டுமா? ஆம் என்றால் எண்ணைத் தெளிவாகச் சொல்லும் விளையாட்டுகள் பொருந்தும்.

4. ஆட்டமில்லாத நேரத்தில் நூலைப் படிக்க விருப்பமும் நேரமும் உண்டா?

5. எந்தக் கணக்கு சலிப்பூட்டுகிறது? அம்புகளை எண்ணுவதா, சுமையைக் கூட்டுவதா, மந்திரங்களை நினைவில் வைப்பதா? விதிகளே பிடிக்கவில்லை என்று நினைப்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது ஏதோ ஒரு வகைக் கணக்கு மட்டும்தான்.

விடைகளை எழுதிவைத்து, முன்பு சொன்ன ஐந்து வகைக் கனத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எந்த வகைக் கனம் தாங்கும், எது தாங்காது என்பது தெளிவாகும்.

கலவையான குழு

ஒரு குழுவில் எல்லோருக்கும் ஒரே ரசனை அமைவது அரிது. மூன்று வழிகள் கைகொடுக்கும். ஒன்று, ஒரே விளையாட்டில் கனத்தைப் பங்கிடுவது: கணக்கை ரசிப்பவர் மந்திரவாதியையும், விரும்பாதவர் போர்வீரனையும் எடுக்கலாம். இரண்டு, விதி தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைப்பது: நடத்துபவர் கதையைக் கவனிக்க, அவர் விதியைப் பார்த்துச் சொல்வார். மூன்று, ஆட்டத்தின் நடுவே ஐயம் எழுந்தால் நடத்துபவர் தற்காலிகமாக ஒரு தீர்ப்புச் சொல்லி, ஆட்டம் முடிந்த பின் நூலைப் பார்த்து அடுத்த முறைக்குச் சரிசெய்வது. இந்த மூன்றையும் முதல் ஆட்டத்துக்கு முன் நடக்கும் கலந்துபேசலிலேயே ஒப்புக்கொண்டால், பிறகு மனக்கசப்பு குறையும்.

விதியை நீக்குமுன்

கனம் தாங்காதபோது சில விதிகளை விட்டுவிடுவது வழக்கம். அது குற்றமில்லை. ஆனால் ஒரு விதி ஆடுவோரை எந்த முடிவை எடுக்கவைக்கிறது என்று பார்த்த பிறகே அதை நீக்க வேண்டும்.

1981ஆம் ஆண்டின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எளிய பதிப்பில் சுமை விதி இதற்கு நல்ல சான்று. பாதாள அறைகளில் தங்கம் தேடும் அந்த ஆட்டத்தில் எடை நாணயக் கணக்கில் அளக்கப்படுகிறது. 10 நாணயம் ஒரு பவுண்டு. சுமை ஏற ஏற, பத்து நிமிடச் சுற்று ஒன்றில் நடக்கும் தூரம் 120 அடியிலிருந்து 90, 60, 30 என்று குறையும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடத்துபவர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் அலையும் விலங்கோ எதிரியோ எதிர்ப்படும். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுக்கே எரியும். பாத்திரம் வளரத் தேவையான அனுபவப் புள்ளியோ பெரும்பாலும் வெளியே கொண்டுவந்த தங்கத்துக்குத்தான்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் சுமை விதி என்ன செய்கிறது என்று புரியும். தங்கம் அதிகமானால் நடை தளரும்; நடை தளர்ந்தால் சுற்றுகள் கூடும்; சுற்றுகள் கூடினால் ஆபத்தும் கூடும், வெளிச்சமும் தீரும். எவ்வளவு தங்கத்தை விட்டுவிட்டு ஓடுவது என்பதே அந்த விளையாட்டின் நெஞ்சைப் பிடிக்கும் கேள்வி. சுமைக் கணக்கு சலிப்பு என்று அதை மட்டும் நீக்கிவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும். பாதாளப் பயணம் அறை அறையாகச் சண்டை போடுவதாகச் சுருங்கும். நாணயம் நாணயமாகக் கூட்டுவது பிடிக்காத குழு, ஒருவர் இத்தனை மூட்டைதான் தூக்கலாம் என்று எளிய வரம்பு வைத்துக்கொள்ளலாம். கணக்கு குறையும், கேள்வி பிழைக்கும். நாயகர்களின் அரசியலும் நட்பும்தான் கதை என்று ஆடும் குழுவில், அந்தக் கேள்வியே தேவையில்லை. அங்கே விதியை முழுதாக விட்டுவிடலாம்.

விதியைச் சேர்க்கும்போதும் இதே அளவுகோல்தான். புதிய விதி ஆடுவோருக்குப் புதிய தேர்வு ஒன்றைத் தருகிறதா, அல்லது அதே முடிவுக்கு வர இன்னொரு பகடையை மட்டும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னது என்றால் சேர்க்காமல் இருப்பதே மேல்.

சோதித்துப் பார்க்கும் முறை

ரசனையைக் கேள்விகளால் ஓரளவுதான் அறிய முடியும். மீதி ஆடிப்பார்த்தால்தான் தெரியும். நீண்ட தொடர்கதையைத் தொடங்குமுன், ஒரே மாலையில் முடியும் சிறு ஆட்டங்களை வெவ்வேறு கனத்தில் ஆடிப்பார்ப்பது நல்லது. கர்ப்ஸுக்கு 32 பக்கத்தில் இலவசச் சுருக்கம் கிடைக்கிறது. பல விளையாட்டுகளுக்கு இத்தகைய தொடக்க நூல்களும் தயார்ப் பாத்திரங்களும் உண்டு. ஒரு கனமான விளையாட்டு, ஒரு நடுத்தர விளையாட்டு, ஓர் ஒற்றைத்தாள் விளையாட்டு என்று மூன்றை ஆடினால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

ஒரு கனமான விளையாட்டை முதல் ஆட்டத்தை வைத்தே தள்ளிவிடக் கூடாது. முதல் முறை தாளைப் புரட்டும் நேரம் எப்போதும் அதிகம். மூன்றாவது முறைக்குள் பெரும்பாலான கணக்கு கைக்கு வந்துவிடும். அப்போதும் தடுமாற்றம் அப்படியே இருந்தால், அந்தக் கனம் அந்தக் குழுவுக்குப் பொருந்தவில்லை. எளிய விளையாட்டை மாறாகச் சோதிக்க வேண்டும்: முதல் ஆட்டம் எப்போதும் இனிக்கும். ஐந்தாறு ஆட்டங்களுக்குப் பிறகு பாத்திரங்கள் வளர இடமில்லை, எல்லாச் செயலும் ஒன்றுபோல் இருக்கிறது என்ற குறை எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் இரண்டு கேள்விகள் போதும்: எந்த விதி இன்று சுவையைக் கூட்டியது? எந்த விதிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்? ஒரே விதி தொடர்ந்து இரண்டாவது கேள்விக்கு விடையாக வந்தால், அதை எளிமையாக்கலாம் அல்லது நீக்கலாம். முதல் கேள்விக்கு விடையே வராமல் போனால், வேறு விளையாட்டைத் தேடும் நேரம் வந்துவிட்டது.